ஆப் திறக்கிறது, ஆனால் அனுமதி இருக்கிறதா?

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்ச் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நண்பர் ஒரு வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் இரண்டு வருடமாக வாங்கி விற்கிறார். பிளே ஸ்டோரிலேயே அந்த ஆப் இருக்கிறது, என் போனிலும் திறக்கிறது. அப்படியென்றால் இந்தியாவில் சட்டப்படி நடப்பதுதானே? (ஈரோடு வாசகர்)

பிளே ஸ்டோரில் இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 28 அன்று, எஃப்.ஐ.யு எனப்படும் நிதிப் புலனாய்வுப் பிரிவு ஒன்பது வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பைனான்ஸ், குகாயின், கிராகன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அன்று காலை வரை அவற்றின் ஆப்கள் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அடுத்த மாதமே ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து அவை காணாமல் போயின.

சட்டம் இதுதான்: 2023 மார்ச் 7 அறிவிக்கையின்படி, கிரிப்டோவை வாங்கவும் விற்கவும் மாற்றவும் பாதுகாத்து வைக்கவும் சேவை தரும் நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எஃப்.ஐ.யுவில் அவை பதிவு செய்தாக வேண்டும். இங்கே அலுவலகம் இல்லை என்பது சாக்காகாது. இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சேவை தந்தாலே பதிவு கட்டாயம்.

சரிபார்க்க அரை மணி நேரம் போதும். முதலில் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அதன் பின்னால் இருக்கும் கம்பெனியின் பெயரைப் பிடியுங்கள். தளத்தின் அடியிலோ, பயன்பாட்டு விதிமுறைகளின் முதல் பத்தியிலோ இருக்கும். காயின்டிசிஎக்ஸ் என்றால் நெப்லியோ டெக்னாலஜிஸ், வாசிர்எக்ஸ் என்றால் சன்மாய் லேப்ஸ், செப்பே என்றால் ஆலென்கன் இன்னொவேஷன்ஸ். விதிமுறை முழுக்கத் தேடியும் கம்பெனி பெயரே கிடைக்கவில்லையா? வேலை அங்கேயே முடிந்தது, ஆப்பை நீக்கிவிடலாம்.

இந்தியக் கம்பெனி என்று சொன்னால் சி.ஐ.என் எனப்படும் அதன் கம்பெனி அடையாள எண்ணை எடுத்து, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் போட்டுப் பாருங்கள். மொத்தம் 21 இடங்கள்: முதல் எழுத்து பங்குச் சந்தையில் இருக்கிறதா இல்லையா என்பதற்கு, அடுத்த 5 இலக்கம் தொழில் வகைக்கு, 2 எழுத்து மாநிலத்துக்கு, 4 இலக்கம் பதிவான வருடத்துக்கு, 3 எழுத்து கம்பெனி வகைக்கு, கடைசி 6 இலக்கம் பதிவு எண்ணுக்கு. ‘2018 முதல் சேவையில்’ என்று விளம்பரம் செய்யும் கம்பெனியின் எண்ணுக்குள் 2025 என்று இருந்தால் காரணம் கேளுங்கள். இன்னொன்று, போலிகள் உண்மையான கம்பெனியின் சி.ஐ.என் எண்ணையே திருடிப் போடுவதும் உண்டு. ஆகவே எண் சரியாக இருப்பது மட்டும் போதாது; அமைச்சகப் பதிவில் உள்ள முகவரியும் மின்னஞ்சலும் தளத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்து எஃப்.ஐ.யு பதிவு. எஃப்.ஐ.யுவின் உத்தரவுகள், மத்திய அரசின் செய்தி வெளியீடுகள், நாடாளுமன்றத்தில் தந்த பதில்கள் இவற்றில் அந்தக் கம்பெனி பெயரைத் தேடுங்கள். கூடவே எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எந்தக் கம்பெனியின் பெயரில் பதிவு, பதிவு எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு உள்ளவர்களுக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று பதில் வந்தால், இன்னும் பதிவாகவில்லை என்றுதான் பொருள்.

கடைசியாக, விதிமுறைகளில் தடை செய்யப்பட்ட நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். சில தளங்களின் பதிவுப் பக்கத்தில் நாடு தேர்வு செய்யும் இடத்தில் ‘இந்தியா’ இருக்கும். விதிமுறைக்குள்ளோ இந்தியர்களுக்குச் சேவை இல்லை என்று எழுதியிருக்கும். நாளை கணக்கை முடக்கும்போது அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

இவ்வளவையும் பணம் போடும் நாளன்று பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம். அந்த ஒன்பதில் ஒன்றான பைனான்ஸ் 2024 ஜூனில் 18.82 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, ஆகஸ்ட்டில் பதிவு பெற்றதாக அறிவித்துத் திரும்பி வந்தது. அதே ஆண்டு ஓகேஎக்ஸ், ஏப்ரல் 30-க்குள் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்று இந்திய வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியது. 2025 அக்டோபர் 1 அன்று இன்னும் 25 நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. பிங்எக்ஸ், எல்பேங்க், போலோனிக்ஸ், பிட்மெக்ஸ் அதில் அடக்கம். உங்கள் நண்பருக்கு இரண்டு வருடம் தொந்தரவு வரவில்லை என்பது, நோட்டீஸ் வரும் முந்தைய நாள் வரை எல்லாருக்கும் பொருந்திய பேச்சு.

கேள்வி: ‘எஃப்.ஐ.யு பதிவு பெற்றது’ என்று பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். ரிசர்வ் வங்கி அனுமதி மாதிரிதானே? பணத்துக்குப் பாதுகாப்பு உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். எஃப்.ஐ.யு பதிவு என்றால், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்போம், சந்தேகப் பரிவர்த்தனையை அரசுக்குத் தெரிவிப்போம் என்ற கடமை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறதே, அது போன்ற எதுவும் இங்கே கிடையாது. பதிவு பெற்றிருந்த வாசிர்எக்ஸில்தான் 2024 ஜூலை 18 அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள்.

அதில் சென்னை வாடிக்கையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், கிரிப்டோ என்பது சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதைக் கேட்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள். பதிவு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்; அங்கேயும் இழந்தால் தாங்கும் தொகையை மட்டும் வையுங்கள்.

கேள்வி: நான் பயன்படுத்திய எக்ஸ்சேஞ்ச் இப்போது இந்தியாவில் திறப்பதில்லை. உள்ளே யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) இருக்கிறது. விபிஎன் (இருக்கும் நாட்டை மறைக்கும் ஆப்) போட்டு எடுக்கலாமா? டெலிகிராமில் ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். (கோவை வாசகர்)

டெலிகிராம்காரரை முதலில் விடுங்கள். அவர் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் பணம், எங்கோ ஏமாந்த ஒருவருடையதாக இருக்கலாம். அந்த ஆள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்ததும் பணம் போன கணக்கெல்லாம் வரிசையாக முடங்கும், வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நல்ல விலை தருவதற்குக் காரணமே அதுவாக இருக்கக்கூடும்.

விபிஎன்னில் என்ன சிக்கல் என்றால், நேற்று கோவை, இன்று நெதர்லாந்து என்று உள்நுழைவு மாறினால் பாதுகாப்புக் காரணம் சொல்லி பணம் எடுப்பதை நிறுத்திவைப்பார்கள். மறுபடி அடையாளச் சான்று கேட்பார்கள். ஆதார், பான் கொடுத்தால் தடை செய்யப்பட்ட நாட்டுக்காரர் என்று கணக்கே பூட்டப்படலாம். அதற்குப் பதில், பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். வெளியேறும் எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் வாங்குவதை நிறுத்திவிட்டு, எடுப்பதை மட்டும் சில காலம் திறந்து வைக்கும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள், கடைசித் தேதி சொன்ன அஞ்சல் அங்கே கிடக்கும்.

வழி கிடைத்ததும் முதல் வேலை, கொடுக்கல் வாங்கல் பட்டியலை முழுதாக இறக்கிக்கொள்வது. தளம் நிரந்தரமாகப் போய்விட்டால் வாங்கிய விலைக்கு ஆதாரம் இருக்காது. வரி கணக்கில் தலைவலி. பிறகு, பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சில் உங்கள் பெயரிலேயே உள்ள கணக்குக்கு மாற்றுங்கள். இங்கே நெட்வொர்க்கில், அதாவது கிரிப்டோ பயணிக்கும் பாதையைத் தேர்வு செய்வதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். டிரான் என்ற நெட்வொர்க்கின் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், குழப்பமில்லை. எத்தீரியமும் பிஎன்பி செயினும் அப்படியல்ல. இரண்டின் முகவரியும் பூஜ்யம், எக்ஸ் என்றே தொடங்கும், பார்க்க ஒன்றுபோல இருக்கும். முகவரி சரி, நெட்வொர்க் தப்பு என்றால், பெறும் எக்ஸ்சேஞ்ச் அந்த நெட்வொர்க்கை ஏற்காத பட்சத்தில் பணம் கணக்கில் ஏறாது. சிறு தொகை ஒன்றை அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகு மீதியை அனுப்புங்கள். அந்தச் சிறு தொகையும் குறைந்தபட்ச டெபாசிட் அளவுக்கு மேல் இருக்கட்டும்.

கேள்வி: வங்கி அட்டையால் வாங்க முயன்றேன், பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது. வேறு அட்டை முயலவா? (யாழ்ப்பாண வாசகர்)

அட்டையில் கோளாறு இல்லை. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கப் பணிப்புரைப்படி, மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்கு டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பயன்படுத்த இலங்கையில் அனுமதியில்லை. எந்தக் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கும் தான் உரிமம் தரவில்லை என்று மத்திய வங்கி எச்சரித்தும் இருக்கிறது. ‘இலங்கையில் அங்கீகாரம் பெற்றது’ என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த இலக்க உரிமம் என்று கேட்டு, அதை மத்திய வங்கியின் அறிவித்தலோடு ஒப்பிடுங்கள். இந்திய எஃப்.ஐ.யு பதிவு உங்களுக்குப் பயன்படாது.

கேள்வி: ஊரில் இருந்தபோது திறந்த இந்திய எக்ஸ்சேஞ்ச் கணக்கை சிங்கப்பூரில் இருந்துகொண்டே தொடரலாமா? (புதுக்கோட்டையைச் சேர்ந்த வாசகர், சிங்கப்பூர்)

எக்ஸ்சேஞ்சுகள் பாஸ்போர்ட்டை மட்டும் பார்ப்பதில்லை, குடியிருக்கும் நாட்டையும் பார்க்கும். விதிமுறையில் ‘இந்தியாவில் குடியிருப்போர்’ என்று இருந்தால் நீங்கள் அதற்குள் வரமாட்டீர்கள். முகவரி மாறியதைத் தெரிவித்துவிடுங்கள். அங்கே புதிதாகத் திறப்பதானால், மாஸ் எனப்படும் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் கம்பெனி பெயரைத் தேடி, ‘டிஜிட்டல் பேமென்ட் டோக்கன்’ சேவை அனுமதி அதன் பெயருக்கு நேரே இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பணம் அனுப்பும் உரிமம் போதாது. முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் தனியாக இருக்கிறது, அதையும் பாருங்கள். ஒரு சின்ன அடையாளம்: வியாபாரம் செய்யத் தூண்டும் போனஸ் எதுவும் சில்லறை வாடிக்கையாளருக்குத் தரக்கூடாது என்பது மாஸ் விதி. ‘சேர்ந்தால் 50 டாலர் இலவசம்’ என்று அழைப்பவர் அந்த விதிக்குள் இல்லை என்று பொருள்.

கேள்வி: லாபத்துக்கு 30 சதவீத வரி கட்டிவிட்டேன். இனி அந்த எக்ஸ்சேஞ்ச் சட்டபூர்வமானதுதானே? (மதுரை வாசகர்)

வரி உங்கள் லாபத்துக்கு, பதிவு அவர்கள் தொழிலுக்கு. ஒன்று மற்றொன்றைச் சரிசெய்யாது. ஆனால் வரியிலிருந்தே ஒரு சோதனை செய்யலாம். விற்கும்போது எக்ஸ்சேஞ்ச் 1 சதவீத டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரி, பிடிக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு விற்றால் 200 ரூபாய். அது அடுத்த காலாண்டுக் கணக்கு தாக்கலான பிறகு உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்-இல், பிடித்தவரின் பெயரோடும் டான் எனப்படும் அவரது வரிப் பிடித்த எண்ணோடும் வரும். அந்தப் பெயர் விதிமுறையில் நீங்கள் பார்த்த கம்பெனிதானா என்று ஒப்பிடுங்கள். பிடித்தார்கள், ஆனால் 26ஏஎஸ்-இல் ஏறவே இல்லை என்றால், அந்த 200 ரூபாய் எங்கே போனது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை புதிதாகப் பணம் போடாதீர்கள்.