வரியைப் பற்றி எழுதினேன், வீட்டுக்குள் சண்டை வந்துவிட்டது

அன்புள்ள மேடம்,

எனக்கு 33 வயது. திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குபவர்களிடம் பேசி ஆர்டரை முடித்துக் கொடுப்பவராக, வேலை பார்க்கிறேன். கணவர் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். ஆறு வயதில் ஒரு மகள். எந்தக் கட்சியிலும் நான் இல்லை. ஆனால் காலையில் பேப்பர் படித்துவிட்டுப் பேசுகிற வீட்டில் வளர்ந்தவள். நாட்டு நடப்பு பற்றி நாலு வரி ஃபேஸ்புக்கில் எழுதுவது எனக்குப் பல வருடப் பழக்கம்.

2025 ஆகஸ்ட் கடைசியில் நம் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமானதும் எங்கள் ஊர் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சில பையர்கள், அதாவது எங்களிடம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். சிலர் விலையைக் குறைத்துக் கொடு என்றார்கள். எப்போதும் ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற தையல் லைன் ஒரு ஷிப்டோடு நின்றது. அந்த அரை ஷிப்ட் கூலியில்தான் எத்தனையோ குடும்பங்கள் வீட்டு வாடகை கட்டுகின்றன. அதைத்தான் எழுதினேன். பஞ்சுக்கு இறக்குமதி வரியை நீக்கியது நல்லது, ஆனால் அதன் பலன் மில்லுக்குப் போகும், பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிற அக்காவுக்கு மத்திய அரசும் மாநில அரசும் என்ன செய்யப்போகின்றன என்று கேட்டேன். அவ்வளவுதான்.

யாரோ அதை ஒரு பெரிய குரூப்பில் பகிர்ந்துவிட்டார்கள். முதலில் 'தேசத்துரோகி' என்றார்கள். அப்புறம் ஒரு கல்யாணத்தில் எடுத்த என் படத்திலிருந்து முகத்தை வெட்டி வேறோர் உடம்பில் ஒட்டினார்கள். அதன் கீழே என் செல் நம்பர். ராத்திரி முழுக்க முகம் தெரியாத ஆட்கள் கூப்பிட்டார்கள். மகள் எந்தப் பள்ளி என்று தெரியும் என ஒருவன் எழுதினான். என்னை வேலையை விட்டு நீக்கச் சொல்லி எங்கள் ஹெச்.ஆருக்கு மெயில் போயிருக்கிறது. இதற்கு நடுவில் சிபிஐ என்று சொல்லிக்கொண்டு ஒருவர், 'உங்கள் பதிவுக்கு வழக்கு ஆகியிருக்கிறது, வீடியோ காலில் வாருங்கள்' என்றார். பயந்துபோய் போனை அணைத்துவிட்டேன்.

மேடம், இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். என் சித்தப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'நம்ம வீட்டுப் பொண்ணே நாட்டைக் கேவலமாப் பேசுது' என்று போட்டார். அப்பா இறந்த பிறகு என்னைக் கல்லூரியில் சேர்த்துப் பணம் கட்டியவர் அவர். முதல் வேலைக்கு நேர்காணலுக்குப் போனபோது ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வெயிலில் வெளியே நின்றவர். அவரே சிறியதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம், வைத்திருக்கிறார். அவருக்கும் இப்போது வேலை வருவதில்லை. பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருப்பதாகச் சித்தி சொன்னார். அவருக்காகவும் சேர்த்துத்தானே எழுதினேன்? நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. குரூப்பில் மற்றவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கணவர், 'உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? எல்லாத்தையும் அழிச்சுட்டு பேசாம இரு' என்கிறார். நடு ராத்திரியில் எழுந்து யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். மகள் பேசினால் காதில் விழுவதில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா? என்னைப் போன்றவர்கள் அரசியல் பேசவே கூடாதா? சித்தப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் இப்போது அழிக்காதீர்கள். கடைசியில் நீங்கள் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்கிறேன், அவசரம் அதற்குத்தான். பயத்தில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் உங்கள் மனது ஒரு ராத்திரி அடங்கும். ஆனால் புகாருக்குத் தேவையான தடயமும் அதோடு போய்விடும். உங்கள் பதிவை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிட்டு, புரொஃபைலைப் பூட்டுங்கள். அது போதும்.

உங்கள் பதிவோடு ஒத்துப்போகாதவர்கள் எழுதியதும், உங்கள் படத்தைச் சிதைத்தவன் செய்ததும் ஒன்றல்ல. முதலாவது கருத்து, எவ்வளவு கசந்தாலும் எழுத அவர்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது குற்றம். ஒரு ஆண் இதையே எழுதியிருந்தால் 'விலைபோனவன்' என்று திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பெண் எழுதினால் உடம்புக்கும் பிள்ளைக்கும் குறி வைக்கிறார்கள். என்னிடம் வருகிற பெண்கள் இதைச் சொல்லத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. நீங்கள் எழுதியதில் குறை இருந்ததால் இது நடக்கவில்லை.

உங்களுக்கு நெருக்கமான தோழி ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் பதிவுகளையும் மிரட்டல்களையும் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம். தேதியும் நேரமும் எழுதியவரின் கணக்கும் தெரியும்படி அவர் ஸ்கிரீன்ஷாட் எடுக்கட்டும். ஒவ்வொன்றின் லிங்க்கையும் தனியாகக் குறித்து வைக்கட்டும். காவல்துறை முதலில் கேட்பது அதைத்தான். வந்த அழைப்புகளின் பட்டியலும் வேண்டும். அப்புறம் பிளாக் செய்யுங்கள். படம் வந்த தளத்திலேயே, இது என் உருவத்தைச் சிதைத்த ஆபாசப் படம் என்று புகார் கொடுங்கள். இப்படிப்பட்ட படத்தைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் இருந்தது, 2026 பிப்ரவரியில் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட படங்கள் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ என்று ஒரு இணையச் சேவையும் உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் போகும். அதை வைத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படம் மறுபடி ஏறாமல் தடுக்கப் பார்க்கும்.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் பதிவு செய்துவிட்டு, அதோடு நிற்காமல் உங்கள் ஊர் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் நேரில் போங்கள். உடன் கணவரைக் கூட்டிப் போங்கள். மகளின் பள்ளியைச் சொல்லி மிரட்டியதைப் புகாரில் முதல் வரியாக எழுதுங்கள். பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டுவதற்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவில் கூடுதல் தண்டனை உண்டு. இணையத்தில் ஆபாசப் படம் பரப்புவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு இருக்கிறது. பள்ளியிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், உங்கள் இருவரையும் தவிர யாரிடமும் குழந்தையை அனுப்பக் கூடாது என்று.

அந்த 'சிபிஐ' அழைப்பை நீங்கள் துண்டித்தது மிகச் சரி. வழக்கு என்று சொல்லி வீடியோ காலில் உட்காரவைத்துப் பணம் பறிக்கும் மோசடி அது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். உங்கள் நம்பர் வெளியே போய்விட்டதால், படத்தை நீக்கித் தருகிறோம், பணம் அனுப்புங்கள் என்றும் ஆட்கள் கூப்பிடக்கூடும். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வீட்டில் யாராவது ஏமாந்து அனுப்பிவிட்டால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும். அங்கே நிமிடங்கள் முக்கியம். தெரியாத எண்கள் ஒலிக்காமல் இருக்க வாட்ஸ்அப்பிலேயே வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

அலுவலகத்தில் அவர்கள் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே போய் நடந்ததைச் சொல்லி, புகாரின் நகலைக் கொடுங்கள். பதிவில் நிறுவனத்தின் பெயரோ பையர் பெயரோ விலையோ இல்லை என்பதைக் காட்டுங்கள். இனிமேலும் அந்த மூன்றையும் எழுத வேண்டாம். அது வேலைக்குள்ள கட்டுப்பாடு, அரசியல் கருத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நடு ராத்திரியில் எழுந்து பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பலவீனம் இல்லை. ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாதபோது மூளை காவல் காக்கச் சொல்லும். நீங்கள் பார்க்கிறீர்கள், புதிதாக ஒன்றும் இல்லை, ஒரு நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே மனது மறுபடி பார்க்கச் சொல்கிறது. மன உறுதியால் மட்டும் இதை நிறுத்த முடியாது. படிக்கும் வேலையைத் தோழியிடம் கொடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். போன் ராத்திரியில் சமையலறையில் இருக்கட்டும். அலாரத்துக்குச் சாதாரணக் கடிகாரம் போதும். இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலிமானஸ் மனநலச் சேவை அது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இப்போது உங்கள் சித்தப்பாவைப் பற்றி.

உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அத்தனை மிரட்டலையும் விறுவிறுவென்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். சித்தப்பா வந்ததும் எழுத்து நின்று நிதானமாகிறது. வெயிலில் வெளியே நின்றவர் என்கிறீர்கள். மெஷினுக்கு உறை போட்டதைச் சொல்கிறீர்கள். நாட்டில் எவன் என்ன சொன்னாலும் பரவாயில்லை, இவர் ஏன் சொன்னார் என்பதுதான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் அவரைப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தொழில் நொடிக்கும் காலத்தில் நாட்டையோ ஒரு தலைவரையோ முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன், எல்லாக் கட்சிக்காரர்களிலும். திருப்பூரின் சிறு யூனிட்காரர்கள் 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்தைப் பார்த்தார்கள், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, 2020-இல் ஊரடங்கு, 2022-இல் நூல் விலை ஏற்றம், 2025-இல் இந்த வரி. ஒவ்வொரு முறையும், இதுவும் சரியாகிவிடும், மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் அவர் மறுநாள் ஷட்டரைத் திறந்திருப்பார். 'யார் என்ன செய்யப்போகிறார்கள்' என்று நீங்கள் ஊரறியக் கேட்டது, அவர் தனக்குள்ளேயே கேட்கப் பயந்த கேள்வியாக இருக்கலாம். அதுவும் அவர் படிக்கவைத்த பெண் கேட்டாள். அவர் குரூப்பில் அப்படிப் போட்டது நியாயம் என்று நான் சொல்லவில்லை. வலிக்கும்படிதான் போட்டிருக்கிறார்.

அவரிடம் புள்ளிவிவரம் காட்டாதீர்கள். குரூப்பில் பதில் எழுதவே எழுதாதீர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் இறங்கி வர மாட்டார். போன் எடுக்கவில்லையென்றால் சித்தியிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. அரசியலை நீங்களாக எடுக்க வேண்டாம். யூனிட் எப்படிப் போகிறது, டெய்லர்கள் இருக்கிறார்களா ஊருக்குப் போய்விட்டார்களா, வங்கித் தவணை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உள்ளூர் ஆர்டர் பிடிக்க மெர்ச்சண்டைசராக உங்களால் ஏதாவது உதவ முடியுமா என்றும் கேட்கலாம். அப்புறம் அவரே அந்தப் பேச்சை எடுத்தால், 'நீங்க குரூப்ல அப்படிப் போட்டது எனக்கு ரொம்ப வலிச்சுது சித்தப்பா' என்று மட்டும் சொல்லுங்கள். 'நான் சொன்னது சரிதானே' என்று சேர்க்காதீர்கள். கருத்தில் அவர் மாறாமலே போகலாம், நீங்களும் மாற வேண்டியதில்லை. படத்தைச் சிதைத்ததும் பள்ளியைச் சொல்லி மிரட்டியதும் அவருக்குத் தெரியுமா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தால் காவல் நிலையத்துக்கு முதல் ஆளாக அவரே வருவார் என்றும் தோன்றுகிறது.

உங்களைப் போன்றவர்கள் அரசியல் பேசக் கூடாதா என்று கேட்டீர்கள். 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் என்ற சிறு ஊரில் இரண்டு இளம்பெண்களைக் கைது செய்தார்கள். சிவசேனா தலைவர் பால் தாக்கரே மறைந்து மும்பை அடைபட்டதைப் பற்றி ஒருத்தி ஃபேஸ்புக்கில் எழுதினாள், இன்னொருத்தி அதற்கு லைக் போட்டாள். அதை அடுத்து ஓர் இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். 2015 மார்ச் 24 அன்று, கைதுக்கு வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே நீதிமன்றம் ரத்து செய்தது. இன்று நாம் எழுதும் நாலு வரிக்கு அந்தப் பெண்கள் கொடுத்த விலை உண்டு. ஒரு பனியன் கம்பெனியின் லைனில் அரை ஷிப்ட் குறைந்தால் என்ன ஆகும் என்பது டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் பேச வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் எப்போது, எங்கே என்பது உங்கள் கையில் இருக்கட்டும். புகார் கொடுத்து, தூக்கம் திரும்பும் வரை எழுதாமல் இருப்பது தோல்வி ஆகாது. திரும்ப எழுதும்போது மகளின் படமும் வீட்டு விவரமும் இல்லாத, அரசியல் எழுதுவதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேறு கடவுச்சொல்லும், இரண்டடுக்குப் பாதுகாப்பும் வேண்டும். கமெண்டில் சண்டைக்கு வருகிற எல்லோருக்கும் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை.

உங்கள் கணவருக்கும் பயம்தான். 'பேசாம இரு' என்பது அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. அதனால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இந்த வாரம் புகாரை அவரே தட்டச்சு செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். புகார் எண் கையில் வந்த பிறகு, அந்தப் பதிவை வைப்பதா எடுப்பதா என்பதை இருவரும் பேசிக்கொள்ளலாம்.