3டி மட்டும் செய்துகொண்டிருந்தால் ஆர்கிடெக்ட் ஆகலாமோ? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

நான் வெள்ளவத்தையில இருக்கிறன், ஆர்கிடெக்ட் படிப்பின்ட முதல் கட்டம், பார்ட் வன், முடிச்சிட்டு ஒரு ஒபிஸ்ல வேலை. சேர்ந்த நாளில இருந்து கம்ப்யூட்டர்ல கட்டிடத்தை 3டியில கீறுறதும், அதை ஃபோட்டோ மாதிரி படமாக்கிற ரென்டரும்தான், சைட்டுக்கு கூட்டிக்கொண்டு போறதே இல்லை. செய்த வேலையை எழுதிக்கொண்டு போய்க் குடுத்தால் சைன் வைக்க சேருக்கு நேரமில்லையாம். அமெரிக்காவில ஆர்கிடெக்ட் ஆகப் பழகிற மச்சாள் தனக்கு ஒவ்வொரு மணித்தியாலமும் ஒன்லைன்ல கணக்கில ஏறுது எண்டு சொல்லுறா. எங்கட இன்ஸ்டிடியூட்டால (ஸ்ரீலங்கா இன்ஸ்டிடியூட் ஒஃப் ஆர்கிடெக்ட்ஸ்) எங்களுக்கு என்ன பிரயோசனம்? மெம்பர்ஷிப்புக்கு காசு கட்டுறது வீண்தானே?

ந.

அன்புள்ள தங்கச்சி,

உங்கட கோபம் நியாயம்தான், ஆனா அது போக வேண்டிய இடம் இன்ஸ்டிடியூட் இல்லை எண்டு நினைக்கிறன்.

மச்சாள் சொல்லுறது என்.சி.ஏ.ஆர்.பி எண்ட அமைப்பின்ட கணக்கு. அங்க வேலையெல்லாம் பிரிச்சு வச்சிருக்கு, காலேஜ் கோர்ஸை பாத்து அங்கீகாரம் குடுக்கிறது ஒரு அமைப்பு, அனுபவத்தையும் சோதனையையும் பாக்கிறது என்.சி.ஏ.ஆர்.பி, லைசன்ஸ் குடுக்கிறது அந்தந்த மாநிலத்தின்ட போர்ட், 1857ல தொடங்கின ஏ.ஐ.ஏ தொழில் செய்யிறவையின்ட சங்கம், ஸ்டூடன்ட்ஸுக்கு எண்டு வேற ஒரு சங்கம். இங்க கனக்க வேலை ஒரு வீட்டுக்குள்ளதான். 1976ம் ஆண்டு சட்டத்தால அமைஞ்ச எங்கட இன்ஸ்டிடியூட்தான் கொழும்பில சிட்டி ஸ்கூல் எண்ட ஆர்கிடெக்ட் படிப்புப் பள்ளியை நடத்துது, ஆர்கிடெக்ட் ஆக எழுதிற கடைசிச் சோதனை, பார்ட் த்ரீ, அதுவும் அவையின்டதான். 1996 திருத்தத்தோட ரெஜிஸ்ட்ரேஷன் போர்ட் வந்தது, அதில பதியாமல் ஆர்கிடெக்ட் எண்டு பெயர்ப்பலகை மாட்டேலாது. முந்தி இங்க படிக்க இடமே இல்லை, எங்கட நாட்டு ஆர்கிடெக்ட் மினெட் டி சில்வா லண்டனுக்குப் போய்த்தான் 1948ல ஆர்.ஐ.பி.ஏ எண்ட பிரிட்டிஷ் ஆர்கிடெக்ட் இன்ஸ்டிடியூட்டின்ட அசோசியேட் ஆனவ. இப்ப மொரட்டுவ கம்பஸ் இருக்கு, சிட்டி ஸ்கூல் இருக்கு, அதை லேசா நினைக்காதேங்கோ.

சரி, விசயத்துக்கு வாறன். அமெரிக்காக்காரர் கேக்கிறது மொத்தம் 3,740 மணித்தியாலம். அதை ஆறாப் பிரிச்சிருக்கினம், ஒபிஸ் நடத்துறதுக்கு 160, ப்ரொஜெக்ட் மனேஜ்மென்டுக்கு 360, கிளையன்டின்ட தேவையையும் காணியையும் ஆராயிறதுக்கு 260, டிசைனுக்கு 1,080, கட்டிறதுக்கான விவரப் படங்கள், வேர்க்கிங் டிரோயிங்ஸ் பக்கம் 1,520, கட்டுமானத்துக்கு 360. உங்கட 3டி முழுக்க அந்த 1,080க்குள்ளதான் அடங்கும், அது நிரம்பினாப் பிறகு எத்தனை இரவு முழிச்சு ரென்டர் போட்டாலும் மற்ற அஞ்சு பெட்டியும் காலிதான். நான் அந்த முறையில மதிக்கிறது இதைத்தான். பொஸ் ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிக் குடுத்தால் அது அவருக்கும் தெரியும் பிள்ளைக்கும் தெரியும், ஒளிக்கேலாது. இன்னொண்டும் இருக்கு, செய்த வேலையை எட்டு மாசத்துக்குள்ள பதிஞ்சால்தான் முழுக் கணக்கு, பிந்தினால் அஞ்சு வருஷம் வரைக்கும் பாதிதான் சேரும். பிறகு பாப்பம் எண்டு விட ஏலாது.

அதனால நீங்களே அந்த ஆறு பெட்டியையும் ஒரு எக்செல் சீட்ல போடுங்கோ. கிழமைக்கு ஒருக்கா நிரப்புங்கோ, மாசம் முடிய பிரின்ட் எடுத்து சேரின்ட மேசையில வையுங்கோ, ரெண்டு வருஷக் கதையை மொத்தமா கொண்டுபோனால் ஆர்தான் சைன் வைப்பினம், உண்மையா ஞாபகமும் இருக்காது. காலிப் பெட்டியை காட்டி, பிளான் அனுமதிக்கு நகர அபிவிருத்தி அதிகாரசபைக்குப் போற யூ.டி.ஏ சப்மிஷன் ஒண்டை நான் செய்யட்டோ, சாமான் அளவுக் கணக்கு, பி.ஓ.கியூ, செக் பண்ணேக்க அந்தக் கணக்கைப் பாக்கிற கியூ.எஸ்ஸோட இருக்கட்டோ, சைட் மீட்டிங்ல மினிட்ஸ் எழுதட்டோ எண்டு கேளுங்கோ. சைட்டுக்கு விடுங்கோ எண்டு சும்மா கேட்டால் பாப்பம் எண்டுதான் பதில் வரும், மினிட்ஸ் எழுதுறன் எண்டால் எந்த ஒபிஸும் வேண்டாம் எண்டாது, ஏனெண்டால் அந்த வேலை ஒருத்தருக்கும் பிடிக்காது! சிங்களம் கதைக்கப் பயமெண்டால் அதையும் அங்கதான் பழகலாம், மேசன் பாஸ்மார் இலக்கணம் பாக்கிறேல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்கு காரணம் பார்ட் த்ரீ. அங்க கொன்ட்ராக்ட், ஃபீஸ், சட்டம், கிளையன்டுக்கும் கொன்ட்ராக்டருக்கும் இடையில சண்டை வந்தால் நீங்கள் எங்க நிக்க வேணும், இதுகள்தான் வரும், ரென்டர் எவ்வளவு வடிவு எண்டு ஒருத்தரும் கேக்கப் போறேல்லை.

மெம்பர்ஷிப்? கட்டுங்கோ, ஆனா கார்ட் மட்டும் ஒண்டும் செய்யாது. கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில (பி.எம்.ஐ.சி.எச்) இன்ஸ்டிடியூட் வருஷா வருஷம் நடத்துற எக்ஸிபிஷனுக்குப் போய் செல்பி எடுத்திட்டு வராமல், ரெண்டு மூண்டு வருஷத்துக்கு முன்னம் பார்ட் த்ரீ எழுதினவையைப் பிடிச்சுக் கதையுங்கோ, எந்த ஒபிஸ் பிள்ளையளை சைட்டுக்கு விடுது எண்டு அவைக்குத்தான் தெரியும். வயசு போகுது எண்டு அம்மா சொல்லுறா எண்டால், சட்டத்தரணியா இருந்த ஜெஃப்ரி பாவா ஆர்கிடெக்ட் ஆனது 1957ல, 38 வயசில எண்டு சொல்லுங்கோ (அவருக்கு வீட்டுச் செலவுக்கு யோசினை இல்லை, அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்).

இவ்வளவும் செய்தும் ஆறு மாசத்தில ஒரு பெட்டி கூட அசையேல்லை எண்டால் ஒபிஸை மாத்துங்கோ. அடுத்த இன்டர்வியூல சம்பளத்தைக் கேக்க முதல், சைட் மீட்டிங்குக்கு என்னை விடுவீங்களோ எண்டு கேளுங்கோ.