அப்பாவின் குயர் நோட்டு

கடிதம்:

வணக்கம். வரும் ஐப்பசியில் என் அப்பாவுக்கு எழுபது. 22 வயதில் முதல்முறை ரத்தம் கொடுத்தவர், 65 வரை 71 தடவை கொடுத்திருக்கிறார். ஊரில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் ஆள் தேடி அனுப்புவதும் அவர்தான். அதற்கென்றே ஒரு குயர் நோட்டு நிறையப் பெயர்களும் போன் நம்பர்களும் வைத்திருக்கிறார். பீமரத சாந்தி அன்று கல்யாண மண்டபத்திலேயே 200 பேரைத் திரட்டி ரத்ததான முகாம் நடத்தி, அப்பாவை மேடையேற்றிக் கேடயம் கொடுக்க நானும் தம்பியும் நினைக்கிறோம். அவரோ "அதெல்லாம் வேண்டாம்மா" என்கிறார். என்ன செய்யலாம்?

ச., கும்பகோணம்

பதில்:

அன்புள்ள ச.,

அப்பா வேண்டாம் என்பது வெறும் கூச்சமாக இருக்காது. ஒரே நாளில் 200 யூனிட் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இந்த வேலையில் ஊறியவருக்குத் தெரியும்.

எடுத்த ரத்தத்தைப் பிரித்து வைப்பார்கள். சிவப்பணு, பையில் உள்ள திரவத்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். தட்டணுவை (பிளேட்லெட்) 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தாலும் ஐந்தே நாள்தான். ஐப்பசி, கார்த்திகை டெங்கு காலம். விழா முடிந்து ஆறாம் நாள் தட்டணு கேட்டு வருபவருக்கு உங்கள் முகாமில் எடுத்தது ஒரு பைகூட மிஞ்சியிருக்காது. போதாததற்கு, முழு ரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் மறுபடி கொடுக்க முடியாது. நோட்டில் உள்ள அத்தனை பேரையும் ஒரே நாளில் படுக்க வைத்தால், மழைக்காலம் முழுக்க அப்பா யாருக்குப் போன் செய்வார்?

அதனால் 200 பேரை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு முகாம் வையுங்கள். தேதியை ரத்த வங்கியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்களிடம் எப்போது இருப்பு குறையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று மணி நேரத்தில் 50 முதல் 70 யூனிட் எடுக்க ஆறிலிருந்து எட்டுக் கட்டில், ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், மூன்று டெக்னீஷியன் என்று ஒரு குழுவே வரவேண்டும். நீங்கள் தர வேண்டியவை தடையில்லாத மின்சாரம், நல்ல வெளிச்சம், கை கழுவத் தண்ணீர், மருத்துவர் தனியாகப் பேசிப் பரிசோதிக்க ஒரு மறைவிடம், சிற்றுண்டிக்குத் தனி இடம். ஐப்பசி மழையில் கரண்ட் போகும், ஜெனரேட்டருக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

முகாமை சாந்தி ஹோமத்தன்று மட்டும் வைக்காதீர்கள். உறவுக்காரர்கள் பாதிப் பேர் பூஜை முடியட்டும் என்று வெறும் வயிற்றில் இருப்பார்கள். அந்த நிலையில் ரத்தம் கொடுத்தால் மயக்கம் வரும், ஒருவர் விழுந்தால் பார்க்கிற நாலு பேருக்கும் தலை சுற்றும். சாப்பிட்டுவிட்டு, கொடுப்பதற்கு அரைமணி முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வருகிறவர்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். வயது 18 முதல் 65. முதன்முறை கொடுப்பவர் என்றால் 60க்கு மேல் கூடாது. எடை 45 கிலோவாவது இருந்தால் 350 மில்லி, 55க்கு மேல் இருந்தால் 450. ஹீமோகுளோபின் குறைந்தது 12.5. இந்த ஒன்றில்தான் பெண்கள் நிறையப் பேர் தட்டிப்போகிறார்கள். பச்சை குத்தி ஓராண்டு ஆகாதவர், பல் பிடுங்கி ஆறு மாதம் ஆகாதவர், டெங்கு வந்து குணமாகி ஆறு மாதம் ஆகாதவர் இவர்களை எல்லாம் முதல்நாள் போனிலேயே கேட்டு நிறுத்திவிடலாம். மறுபக்கம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களே ஒதுங்கிக்கொள்வார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்து, நாலு வாரமாக மாத்திரை அளவு மாறாமல் இருந்தால் அவர்கள் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் கூடாது.

இனி நோட்டு. கேடயத்தைவிட அப்பாவுக்குப் பெரிது அதுதான். பிளெக்ஸ் காசையும் கேடயக் காசையும் வைத்து ஒரு சாதாரணப் போன் வாங்கி, அப்பாவின் நம்பரையே அதில் போடுங்கள். ஆஸ்பத்திரி வார்டுகளில் பரவியிருப்பது அந்த நம்பர். அதை மாற்றினால் இத்தனை வருட உழைப்பு அறுந்துபோகும். அப்பா தூங்கும் நேரத்தில் போனை நீங்களோ தம்பியோ எடுங்கள்.

பெயர்களைக் கணினியில் ஏற்றும்போது பிறந்த ஆண்டு, ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, ஏரியா என்று பத்தி பிரியுங்கள். பாதி நம்பர் செத்த லேண்ட்லைனாக இருக்கும், அதற்காக மனசு விட்டுவிட வேண்டாம். 65 தாண்டியவர்களிடம் பிள்ளைகள் வருவார்களா என்று கேளுங்கள். ரத்த வகையை வாய்ச்சொல்லாக எழுதாதீர்கள், கார்டு பார்த்து எழுதுங்கள். 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட பாம்பே என்ற அரிய வகை சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் அவர்களுக்கு பாம்பே வகை ரத்தம் மட்டும்தான் ஏற்றலாம். அப்படி ஒருவர் நோட்டில் இருந்தால் அவரையும், நெகட்டிவ் வகையினரையும் தனித்தாளில் வையுங்கள். முகாமுக்கு அழைக்க வேண்டாம். தேவை வரும்போது அவர்கள் கைவசம் இருக்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துவிடலாம் என்று தம்பி சொல்வார். விடாதீர்கள். அத்தனை பேர் நம்பரும் ஊருக்கே தெரிந்துவிடும், தேதி போடாத ஒரு வேண்டுகோள் மாசக்கணக்கில் சுற்றும். ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டபிறகே புதுப் பட்டியலில் ஏற்றுங்கள். அழைப்பு வந்தால் நோயாளி பெயர், வார்டு, வகை, எத்தனை யூனிட், சிவப்பணுவா தட்டணுவா என்று குறித்துக்கொண்டு, ரத்த வங்கியைக் கூப்பிட்டு உறுதி செய்தபின் ஆள் அனுப்புங்கள்.

அப்பா தொடங்கிய காலத்தில் ரத்தம் விற்பதைப் பிழைப்பாக வைத்திருந்தவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் அது தடை செய்யப்பட்டது. அந்த நாட்களைப் பற்றி அப்பா பேசுவதைப் பதிவு செய்ய ஆசைப்பட்டால், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்கப்பா" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் "என்ன பெருசா" என்று முடித்துவிடுவார். நோட்டைத் திறந்து ஒரு பெயரைக் காட்டி "இவர் யாருப்பா?" என்று கேட்டுவிட்டு, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு உட்காருங்கள்.

முகாமில் அவருக்கு மேடை வேண்டாம், சிற்றுண்டி மேசையில் உட்கார வையுங்கள். மயக்கம் வருவது பெரும்பாலும் கட்டிலில் இல்லை, எழுந்து நடக்கும்போதுதான். முதல்முறை கொடுத்த பையன்கள் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு பைக் சாவியைத் தேடுவார்கள். அவர்களைப் பேச்சுக் கொடுத்து கால்மணி நேரம் உட்கார வைக்க, 71 தடவை கொடுத்த ஒருவரைவிட வேறு ஆள் கிடைக்காது.