மேட்டில் படுங்கள்

அன்புள்ள ஐயா,

அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கிறோம். மார்ச் விடுமுறையில் பெண்ணையும் (6) பையனையும் (3) கூட்டிக்கொண்டு டோண்டோ தேசியக் காட்டுக்குள் ஓர் ஓடையோரம் இரண்டு இரவு தங்க ஆசை. தண்ணீர்ச் சத்தம் கேட்டபடி தூங்க வேண்டும் என்கிறாள் பெண். எந்தக் கூடாரம் வாங்கலாம்? ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "பச்சைப் பிள்ளைகளைப் பாலைவனத்துக்கா?" என்று பயப்படுகிறார்.

செ.

அன்புள்ள செ.,

ஐந்து பேருக்கு ஆறு பேர் கூடாரம் எடுங்கள், எந்தக் கம்பெனியானாலும் சரி. ஐந்து பேர்தானே? அம்மாவை வீட்டில் விட்டுவிட்டா போவீர்கள்? கூடாரத்தை எங்கே அடிப்பது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! தண்ணீர்ச் சத்தத்துக்குப் பக்கத்தில் என்றால் கூடவே கூடாது. பகலெல்லாம் பிள்ளைகள் ஓடையில் கிடக்கட்டும், நீங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில். படுக்கை மேட்டில்தான்.

பாலைவன ஓடையில் வெள்ளம் வர, நம் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டியதில்லை. 2017 ஜூலை 15 அன்று அதே டோண்டோ காட்டில், பேய்சன் அருகே எல்லிசன் ஓடைக்குக் குளிக்கப் போன ஒரே குடும்பத்தார் பத்துப் பேர் வெள்ளத்தில் போனார்கள், குழந்தைகள் உட்பட. மழை கொட்டியது பல மைல் மேலே, முந்தைய மாதம் காட்டுத்தீ எரித்த சரிவில். தீப்பட்ட மண் தண்ணீரை உறிஞ்சாது. விழுந்ததெல்லாம் சாம்பலையும் கட்டையையும் வாரிக்கொண்டு அப்படியே இறங்கிவிடும்.

"மார்ச்சில்தான் பருவமழை இல்லையே" என்பீர்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்பது கோடையிடிக்கான கணக்கு. குளிர்கால மழை மார்ச்சிலும் வரும். மலைப்பனியின் மேல் பெய்தால் அதையும் உருக்கிக்கொண்டு வரும்.

போய் இறங்கியதும் கூடாரப் பையைத் தொடாதீர்கள். முதலில் கரையோர வில்லோ, காட்டன்வுட் மரங்களைப் பாருங்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கிக் கிடக்கும். பறவைக் கூடு என்று ஏமாறாதீர்கள். தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது, சில இடங்களில் உங்கள் தலைக்கு மேலே. அந்தக் குப்பை வரைக்கும் உயர்ந்த தரையெல்லாம் ஓடைக்குச் சொந்தம். அதற்கும் மேலே, தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போங்கள். சமமான மணல் திட்டு ஒன்று கண்ணை இழுக்கும். அதைச் சமப்படுத்தியதே வெள்ளம்தான். கூடாரமும் ஊர் திரும்பும் பாதையும் ஓடைக்கு ஒரே பக்கம் இருக்கட்டும். பாய்ந்து வரும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய ஆளைக் கீழே தள்ளும். 30 சென்டிமீட்டர் சின்னக் காரை நகர்த்திவிடும்.

மேட்டில் இன்னொரு லாபம், குளிர் குறைவு. இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில்தான் வந்து தேங்கும். காற்று மெத்தை வேண்டாம். உள்ளே காற்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொடுத்துவிடும், மெஸ்கீட் முள் ஒன்று குத்தினால் மெத்தையும் போயிற்று. (மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி. அந்த முள்ளைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள்.) தடித்த ஃபோம் பாய் போதும். மண் பொலபொலவென்று இருந்தால் சாதாரண முளை நிற்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றை அதில் கட்டி, ஓரடி ஆழத்தில் புதையுங்கள்.

ஓடை இருக்கிறதே என்று குடிதண்ணீரைக் குறைக்காதீர்கள். மேலே மாடு மேயும். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். மூன்று கேனாகப் பிரித்து எடுங்கள். ஒரே கேனாக இருந்து குழாய் ஒழுகினால் மொத்தமும் காருக்குள் கொட்டும்.

அம்மாவின் வெயில் பயத்துக்கு மார்ச்சில் அவசியமில்லை, தொப்பி போதும். தேள் பயமென்றால் நியாயம். அங்கே இருக்கும் மரப்பட்டைத் தேள் (bark scorpion) மரம் ஏறும், பலகைக்கு அடியில் தலைகீழாகவும் தொங்கும். புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும், தூங்கும் முன் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். செருப்பு, ஷூ எல்லாம் ஜிப் போட்ட கூடாரத்துக்குள். கொட்டிய குழந்தைக்குக் கண் நிலையில்லாமல் உருண்டாலோ, எச்சில் வழிந்தாலோ, கை கால் துள்ளினாலோ நேரே மருத்துவமனை. போகும் வழியில் போன் சிக்னல் எந்த இடத்தோடு நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பையன் எதில் மாட்டுவான் என்று கேட்டால் சோய்யா கள்ளியில் என்பேன். உரசினாலே ஒரு துண்டு கழன்று வந்து தோலில் ஏறிக்கொள்ளும். பதறிக் கையால் பிடுங்காதீர்கள், உங்கள் கையிலும் ஏறும். அகலப் பல் சீப்பைக் கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே கொடுத்து வெடுக்கென்று தள்ளுங்கள், அது பறக்கும் பக்கம் யாரும் நிற்காமல். மிச்ச முள்ளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். சீப்பும் இடுக்கியும் காரில் இருந்து பயனில்லை, உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அன்புடன்