பால் கவர், சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் மறுசுழற்சி ஆகுமா?

ஒரே பையில் போடுவதைவிட, ஈரத்தோடும் பிசுக்கோடும் போடுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. பிரிக்கும் இடத்தில் பெரும்பாலும் கையால்தான் பிரிக்கிறார்கள். புளித்த பால் நாறும் மூட்டையை யார் கிளறுவார்கள்?

வீட்டில் சேரும் கவர்களில் காசாகக்கூடியது பால் கவர். முழுக்கப் பாலித்தீன், பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணக் குறியில் இதன் எண் 4. மூலையை வெட்டும்போது துண்டாக விழவிடாதீர்கள், நூலளவு ஒட்டியிருக்கட்டும். விழுந்த துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள், அது சாக்கடைக்குத்தான் போகும். பாலை ஊற்றியதும் அரை டம்ளர் பச்சைத் தண்ணீர் விட்டுக் குலுக்கிச் செடிக்கு ஊற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், பாலின் புரதம் சூட்டில் இறுகிக் கவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வெட்டிய மூலையிலிருந்து மேல் ஓரமாகவே வெட்டிக்கொண்டு போய், கடைசியில் ஒரு விரற்கடை விட்டு, வாயைத் திறந்து கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே காயவே காயாது. அந்த ஈரம் உருக்கும் இயந்திரத்தில் ஆவியாகிக் குமிழி விடும். உருக்கி எடுக்கும் பிளாஸ்டிக் குருணை ஓட்டை ஓட்டையாக இருக்கும்.

அரை லிட்டர் கவர் ஒன்று 2 முதல் 3 கிராம்தான். ஒரு கிலோ சேர 330-க்குக் குறையாமல் வேண்டும். பழைய பேப்பர் கடைக்காரர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. நாலு வீட்டுக் கவரைச் சேர்த்து மூட்டையாகக் கொண்டுபோனால் பேச்சு மாறும். (வெந்நீர் அடுப்பு பற்றவைக்கப் பால் கவரை எடுத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.)

எண்ணெய் கவரைப் பால் கவரோடு சேர்க்காதீர்கள். சிலவற்றில் நடுவே நைலான் அடுக்கு இருக்கும், அது பாலித்தீனோடு கலக்காது.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர் சங்கதி வேறு. கசக்கிவிட்டால் மறுபடி விரியும், உள்பக்கம் வெள்ளியாக மினுங்கும். பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் மேல் அலுமினியப் படலம். அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. பால் கவரோடு சேர்த்து உருக்கினாலும் இரண்டும் ஒன்றாகாது, அந்தக் கலவையில் செய்த பை சீக்கிரம் கிழியும். இவை பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகின்றன. அதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் வகுத்த சாலை முறை கொஞ்சம் மேல்: சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிப் பூச்சாகும், அதன்மேல் தார். அதிலும் பிவிசி (தண்ணீர்க் குழாய் செய்யும் பிளாஸ்டிக்) கூடாது.

தண்ணீர் பாட்டிலில் வில்லன் அந்தப் பிவிசிதான். பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை, எண் 1. சுற்றியிருக்கும் இறுக்கமான உறை பிவிசியாக இருக்கலாம், கிழித்துவிடுங்கள். மூடி தண்ணீரில் மிதக்கும், பெட் மூழ்கும், ஆலைத் தொட்டியிலேயே இரண்டும் பிரிந்துவிடும். பிவிசியோ பெட்டோடு சேர்ந்தே மூழ்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், அந்தச் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலப் புகை விட்டு, சரக்கைப் பழுப்பாக்கிவிடும்.

எண் அழிந்துபோன டப்பா என்றால் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். பாலித்தீனும் பாலிப்ரோப்பிலீனும் மேலே வரும், பெட்டும் பிவிசியும் அடியில் தங்கும். காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்.