நோயாளியின் மருத்துவப் பதிவுகளை ஒன்றாக்குவது ஏன் இவ்வளவு கடினம்?

குடியாத்தம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவர், அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் ஏன் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது? அவருடைய நோய், மருந்து, பரிசோதனை விவரங்கள் பல இடங்களில் தனித்தனியாகக் கிடக்கின்றன. இதைத்தான் சிதறிய பதிவுகள் என்கிறோம்.

ஒவ்வொரு திட்டமும் தன் தேவைக்கென்று ஒரு பதிவை வைத்துக்கொண்டது. கர்ப்பிணிக்கு பிக்மி எண், காசநோய்க்கு நிக்‌ஷய், இப்படி. சரி, கணினிகளை இணைத்துவிட்டால் போதாதா? போதாது. உண்மையான சிக்கல் ஆளை அடையாளம் காண்பதில்தான் இருக்கிறது. கடைத்தெருவில் மூன்று கடைகளில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு நோட்டில் 'சாந்தி', இன்னொன்றில் 'மு. சாந்தியம்மாள்', மூன்றாவதில் 'மணி அம்மா'. மொத்தப் பாக்கியைக் கூட்டும் முன், மூவரும் ஒருவர்தான் என்று தெரிய வேண்டும்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். வயது உத்தேசம், கைபேசி எண் மகனுடையது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், வாலாஜாபேட்டைக்காரரின் பழைய சீட்டில் வேலூர், புதியதில் ராணிப்பேட்டை.

அவசரப்பட்டு இருவரை ஒருவராக்கிவிட்டால் இன்னும் ஆபத்து. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவரின் பதிவில் அந்தக் குறிப்பே இல்லாத வேறொருவரின் விவரம் ஏறினால், உயிரே போகலாம். அதனால் இந்த வேலை மெதுவாக நடப்பதில் நியாயம் இருக்கிறது. அதுவரை பழைய சீட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

அப்புறம், ஆபா என்ற 14 இலக்க தேசிய சுகாதார அடையாள எண்ணை எடுத்தாலே பழைய பதிவெல்லாம் தானாக அதில் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பதிவுகள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், அவை எண்ணோடு இணைக்கப்பட்டு, நீங்கள் சம்மதித்தால்தான் இன்னொரு மருத்துவர் பார்க்க முடியும்.