மூன்று மாதமாக டார்கெட் முடியவில்லை, சேல்ஸ் வேலையை விட்டுவிடலாமா?

மளிகைக் கடைகளில் ஆர்டர் எடுக்கும் லைன் சேல்ஸ்மேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் மதுரையில் அதே வேலையில்தான் ஆரம்பித்தேன். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள், முதலில் கணக்கைப் பாருங்கள்.

மொத்த டார்கெட்டையும் தலையில் சுமந்துகொண்டு அலைந்தால் மூச்சு முட்டும். 6 லட்சம், 25 வேலை நாள் என்றால் ஒரு நாளைக்கு 24,000; 40 கடை ஏறி 20 கடையில் பில் விழுந்தால் கடைக்கு 1,200 ரூபாய், அவ்வளவுதான். இதில் எது குறைகிறது, பில் விழும் கடைகளா, பில்லின் தொகையா?

எனக்குக் கடைகள்தான் குறைந்தன. ஒரு அண்ணாச்சி மாதக்கணக்கில் "அப்புறம் பார்க்கலாம் தம்பி" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆர்டர் கேட்காமல் அலமாரியை ஒதுங்க வைத்துக் கொடுத்தேன், பின்வரிசையில் தேதி முடிந்த பிஸ்கட் பாக்கெட்டுகள், எனக்கு முன்னால் வந்தவர் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவை. டீலரிடம் மல்லுக்கட்டி மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஆர்டர் சொன்னார்.

மாதக் கடைசியில் சரக்கைத் திணிக்காதீர்கள், அடுத்த மாதம் பாதி வரை அந்தக் கடையில் ஆர்டரும் வராது, பழைய பாக்கியும் வராது.

சரி, உங்களுக்கு முன்பு அந்த லைன் பார்த்தவரும் டார்கெட்டை எட்டவில்லையா? அப்படியானால் தப்பு உங்களிடம் இல்லை. ஆறு மாத பில் விவரத்தோடு மேனேஜரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர் அசையவில்லை என்றால் இந்த வேலையில் இருக்கும்போதே வேறு கம்பெனி தேடுங்கள்.